கொடுத்த ஸ்ட்ரைக்கர், வாங்கிய கோல்கீப்பர்

நல்ல ஸ்ட்ரைக்கரைக் கொடுத்துவிட்டு ஒரு கோல்கீப்பரை வாங்குவீர்களா? நானென்றால் மாட்டேன். நெடுங்கேணிக் கழகத்தின் புது மனேஜர் அக்கா, அணிகள் வீரர்களைப் பங்கிட்ட நாளில் அதைத்தான் செய்திருக்கிறார். இன்று அவர்களுடைய மட்ச்; வவுனியா போகிற எங்கள் பஸ் மைதானத்தோரம் நிற்கிறது. ட்ரைவரும் கொண்டக்டரும் வேலியடியில் நின்று பார்க்கிறார்கள்.

"கோலடிக்க ஆளில்லாமல் என்னத்த வெல்லுறது? அந்த மனேஜரை மாத்தோணும்," என்கிறார் கொண்டக்டர்.

"விசரே உனக்கு? இருட்ட முன்னம் முடிக்கோணுமெண்டு இங்க சமனா நிக்கிற எல்லா மட்சையும் நேரா பெனால்டிக்குத்தானே விடுறாங்கள். அவா யோசிச்சுத்தான் செய்தவா. தோத்தா நாளைக்கு எதிரணிட ஜேர்சியோட பஸ் ஓடுறன்," என்கிறார் ட்ரைவர்.

"அண்ணை, வவுனியாவுக்கு எப்ப போறது?" என்கிறேன்.

"வெண்டிட்டுப் போவம், தம்பி."

மட்ச் சமனில் முடிகிறது. பெனால்டியில் நெடுங்கேணி ஐந்து, எதிரணி நான்கு. எதிரணியின் கடைசி உதைக்குப் பந்தை வைப்பவன் அக்கா கொடுத்த அதே ஸ்ட்ரைக்கர்.