நிறுவனம்: இல்லை

"வெளியான கட்டுரை ஒன்றுக்கு மறுப்புக் குறிப்பு அனுப்புகிறவரின் பதவியோ நிறுவனமோ கருத்தில் கொள்ளப்படமாட்டாது, குறிப்பின் உள்ளடக்கம் மட்டுமே பரிசீலிக்கப்படும்." அந்த இயற்பியல் சஞ்சிகையின் விதிகளில், கடைசிக்கு முந்தைய பக்கத்தில், இப்படி ஒரு விதி இருக்கிறது. அதை எழுதியவர் நல்ல மனிதராக இருந்திருக்க வேண்டும். அதன்பின் அதை யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை.

நான் வாசித்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து புலமைப்பரிசிலில் இத்தாலியின் பலேர்மோவுக்கு வந்த முதல் வருடமே, குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தில் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதிக்கு வரிசையில் நின்று பழகிய வழக்கம் அது. ரசீது இல்லாத விண்ணப்பம் விண்ணப்பமே அல்ல. பிறகு ஓய்வு பெறும்வரை ஒரே தொழில்: கண்ணாடிகளுக்கிடையே அடைபட்ட ஒளியும் ஓர் அணுவும் எப்படி ஊடாடுகின்றன என்பதற்குக் கணித மாதிரிகள் எழுதுவது. ஓய்வு பெற்ற மறுநாள் காலை என் வேலை மின்னஞ்சல் திறக்கவில்லை. என் வாழ்நாளில் தாமதமில்லாமல் முடிந்த ஒரே அலுவலகக் காரியம் அதுதான்.

சஞ்சிகையில் வந்த கட்டுரை ஒன்றில் பிழை இருந்தது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே இருக்கும் அணு ஒளியை விழுங்கும், திருப்பிக் கொடுக்கும். இந்த ஊடாட்டம் பலவீனமானதென்றால், அணு தன் ஆற்றலை இழப்பதைத் தனியாகவும், கண்ணாடிகள் ஒளியைக் கசியவிடுவதைத் தனியாகவும் கணக்கிட்டுக் கூட்டிவிடலாம். பாடநூல்களில் அப்படித்தான் இருக்கும். ஊடாட்டம் மிக வலுவாகும்போது அது செல்லாது. அப்போது அணுவும் ஒளியும் ஒட்டிப்போன ஒரே பொருள். அதன் மிகத் தாழ்ந்த நிலையிலும் கொஞ்சம் ஒளி கலந்திருக்கும், ஆனால் அந்த ஒளி வெளியேற முடியாது. கொடுப்பதற்கு அங்கே ஆற்றல் மிச்சமில்லை. கட்டுரையாளர்கள் பழக்கதோஷத்தில் பழைய சூத்திரத்தையே போட்டிருந்தார்கள். விளைவு, வெளியிலிருந்து எதுவும் ஊட்டப்படாமல் குளிர்ந்து அடங்கிக் கிடக்கும் பெட்டி ஓயாமல் வெளிச்சம் கக்குகிறது. அதை அழகான வளைகோடாக வரைந்து, புதிய ஒளிமூலம் என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

நகரின் ஓரத்துச் சியாகுல்லித் தோட்டங்களின் பின்பருவ மாண்டரின் தோடம்பழங்கள் சந்தைக்கு வந்திருந்த நேரம். அவற்றை உரித்தபடி மனைவிக்கு இதைச் சொன்னேன். அவர் ஓர் இத்தாலியச் சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டில் காலை நேர வீட்டுவேலையை முடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார்.

"சும்மா கிடக்கிற பெட்டி வெளிச்சம் தந்தால் தரட்டுமன்," என்றார். "கரண்ட் பில் எண்டாலும் குறையும்."

இரண்டு பக்கத்தில் குறிப்பு எழுதினேன். ஒட்டிப்போன அந்த ஒரே பொருளுக்கு இழப்பைக் கணக்கிட்டால் வளைகோடு பூச்சியத்தில் படுத்துவிடும் என்று காட்டினேன். விதிப்படி முதலில் கட்டுரையாளர்களுக்கு அனுப்பினேன், பதிலில்லை. விதிப்படி பிறகு சஞ்சிகைக்கு. இணையப் படிவத்தில் நிறுவனத்தின் பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பாமல் மேலே போகமுடியாது. 'இல்லை' என்று எழுதினேன். செல்லுபடியாகும் நிறுவனத்தைத் தரும்படி கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். நான் விதியைச் சுட்டிக்காட்டினேன். மறுபடியும் சுட்டிக்காட்டி, கிடைத்ததற்கு அத்தாட்சி கேட்டேன். அத்தாட்சி உடனே வந்தது. அனுப்பியது இயந்திரம்.

முன்பு எனக்குப் பக்கத்து அறையில் இருந்த ஆய்வாளர், இன்னும் ஓய்வு பெறாதவர், ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்கு எதிரே காப்பிக்கு அழைத்தார். நல்ல மனிதர். தன் பெயரை இரண்டாவதாகச் சேர்த்தால் நிறுவனம் கிடைத்துவிடும், குறிப்பு நாளைக்கே உள்ளே போய்விடும் என்றார். வாசித்தீர்களா என்று கேட்டேன். தலைப்பை வாசித்தாராம். தவிர, இந்தப் பிழை துறையில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே, விட்டுவிடலாமே என்றும் சொன்னார். கட்டுரை அச்சேறியபோது அந்த எல்லோரும் எங்கே போயிருந்தார்கள் என்று கேட்டேன். அவர் ஏற்கெனவே கலக்கிய காப்பியை இன்னொரு தடவை கலக்கினார்.

வீட்டில் சொன்னபோது மனைவிக்குக் கோபம் வந்தது.

"அந்த மனிசன்ரை பேரையும் போட்டால் நீங்கள் என்ன தேய்ஞ்சு போவியளே?"

"அவர் கணக்குச் செய்யேல்லை."

"அவையள் விலாசந்தானே கேக்கினம். கணக்கை ஆர் கேட்டது?"

"அதுதான் நானும் சொல்லுறன். கணக்கை ஒருத்தரும் கேக்கேல்லை."

மேசையைத் துடைத்தார். பிறகு, "சரி, உங்கடை கணக்குப் பிழையெண்டால்?" என்றார்.

"பிழையெண்டால் என்ரை பேரிலை பிழையாய் இருக்கட்டும்."

"அப்ப எங்கடை வீட்டு விலாசத்தைப் போடுங்கோ. வாடகை கட்டித்தானே இருக்கிறம்."

அப்படியே செய்தேன். நிறுவனத்துக்கான கட்டத்தில் தெருப் பெயர், மூன்றாம் மாடி, மின்தூக்கி இல்லை, பலேர்மோ என்று எழுதினேன். படிவம் ஏற்றுக்கொண்டது; ஆட்களைவிட அது விவேகமானது. அதன்பின் ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஆசிரியர் குழுவுக்கு அதே கடிதத்தை, அதே விதியை, ஒரு சொல்லும் மாற்றாமல் அனுப்பினேன். மாண்டரின் போய் அப்ரிகொட் வந்தது, அதுவும் போய்த் தர்ப்பூசணி வந்தது. பழைய பக்கத்து அறைக்காரர் தொலைபேசியில், நான் ஒரு தொல்லையாகிவிட்டேன் என்று அன்பாகச் சொன்னார். தொல்லை கொடுக்க முடியாதவனுக்கு விதி எதற்கு என்றேன்.

கடைசியில் சஞ்சிகையிலிருந்து வந்த பதில் ஒரு பத்திதான். குறிப்பைப் பரிசீலித்த நடுவர்கள் என் கணக்கை ஒப்புக்கொள்கிறார்கள். கட்டுரையாளர்கள் அந்த வளைகோட்டை மீளப்பெறுகிறார்கள். குறிப்பு என் பெயரில் மட்டும், அதன் கீழே 'பலேர்மோ, இத்தாலி' என்று அச்சாகும். மூன்றாம் மாடியை வெட்டிவிட்டார்கள். விதியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மன்னிப்புக் கேட்டார்களா என்று மனைவி விசாரித்தார். இல்லையென்றதும், அதையும் கேட்டு எழுதச் சொன்னார். எழுதினேன், அன்றைக்கே. பேக்கரியும் தபால்கந்தோரும் பூட்டி, நகரமே கடற்கரையில் கிடந்த ஆகஸ்ட் பதினைந்தாம் திகதி, இத்தாலி முழுவதற்கும் விடுமுறை நாள் அது.