சஷ்டி விரதத்துல அடிச்ச பூண்டு வாடை

உம்ம அப்பா வாயில பூண்டு வாடை அடிச்சா நீரு பயப்படுவீரா வே? நான் பயந்துட்டேன்.

கந்த சஷ்டி சமயம். தச்சநல்லூர்ல எங்க வீட்டுக்குள்ள பூண்டு, வெங்காயம் எட்டிப் பாக்காது. அப்பாக்கு ஒரு நேரம் சோறு, மத்த நேரம் வெறும் பாலு. அன்னிக்கு ஆத்துல குளிச்சிட்டு, திருநீறு பூசிட்டு, பக்திப் பழமா வந்து நிக்காரு. அம்மா மூக்கப் பொத்துதா.

"எந்த ஓட்டல்ல தின்னுட்டு வாரீய?"

"என்னத்தட்டி?"

"பூண்டுல்லா நாறுது. விரதம் இருக்க மூஞ்சியப் பாரு!"

"முருகன் மேல சத்தியமா பாலத் தவிர ஒண்ணும் தொடல."

அப்பா பொய்ச் சத்தியம் பண்ண மாட்டாரு. அப்பம் வாடை எங்கருந்து வருது?

எனக்கு அந்த மாத்திரை ஞாபகம் வந்துச்சு. பெரியப்பா குடல் புத்துநோய்ல போனதுலருந்து, லேசா வயிறு வலிச்சாலே அடுத்து நாந்தான்னு அப்பா நடுங்குவாரு. அவரு கூட்டாளி மவன் வெளிநாட்டுலருந்து ஒரு பாட்டில் கொண்டாந்து குடுத்தான். செலினியம். சாப்பாட்டுல கெடைக்க வேண்டிய சத்து, மீன் முட்டைல நெறைய உண்டு, புத்துநோயத் தடுக்கும்னு அங்க பேசிக்கிடுதாங்கன்னான். நாங்க மீன் முட்டை தொடாத சைவக் குடும்பம். அப்பா கெட்டியாப் புடிச்சுக்கிட்டாரு. தெனம் ஒண்ணு, அம்புட்டுதான்னு நெனச்சேன்.

அவரு கையப் புடிச்சுப் பாத்தேன். சுண்டு விரல்ல நகம் பேந்து தொங்குது. தலையத் தடவுனா முடி கொத்தா வருது. சைக்கிள ஒரே அழுத்து, பாளையங்கோட்டைல காலேஜ் லைப்ரரி. கெமிஸ்ட்ரி படிக்கதுக்கு அன்னிக்குத்தான் ஒரு பிரயோஜனம். தடி புக்குல அப்படியே போட்டிருக்கு: செலினியம் உடம்புல மிஞ்சுனா மூச்சுல பூண்டு வாடை, நகம் பேரும், முடி கொட்டும்.

திரும்பி வந்து கேட்டேன். "எத்தன போட்டீங்கப்பா?"

பைய வாயத் தொறந்தாரு. "விரதத்தன்னைக்கு ஒரு நேரந்தான சோறு. அந்தச் சத்து விட்டுப் போயிருமேன்னு, விட்ட சாப்பாட்டுக்குப் பதிலா ஒரு கை அள்ளிப் போட்டுக்கிடுவேன்."

சஷ்டி மட்டுமா? சோமவாரம், கார்த்திகை, வெள்ளிக்கெழமை, எல்லாத்துக்கும். மத்த நாள்ல வீட்டுல எல்லாருமே பூண்டு ரசம் குடிச்சோமா, ஒருத்தருக்கும் அந்த வாடை தெரியல.

பாட்டில எடுத்தேன். பாஞ்சு வந்து மணிக்கட்டப் புடிச்சுட்டாரு. "கொண்டா லே இங்கன! எங்கண்ணன மாதிரி என்னையும் சாவச் சொல்லுதியா?"

"இதத் தின்னாத்தாம்ப்பா சாவீங்க!"

அம்மா அழ ஆரம்பிச்சுட்டா. பிடி அப்பந்தான் தளந்துச்சு.

ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். டாக்டர் பாட்டிலத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "இது புத்துநோயத் தடுக்குமான்னு இன்னும் ஆராய்ச்சிதான் பண்ணுதாங்க, உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாது. உடம்புக்குத் துளியூண்டு போதும். நீரு தின்னது வெஷம். இன்னைக்கே நிப்பாட்டும்."

"அப்பம் எனக்கு அது வராதுன்னு எதை வச்சு நம்புறது டாக்டர்?"

"அப்படி யாருக்கும் எழுதிக் குடுக்க முடியாது அண்ணாச்சி."

பஸ்ல அப்பா வயித்துல கைய வச்சுக்கிட்டே வந்தாரு.

தெனம் காலைல அவரு வாய்கிட்ட மூக்கக் கொண்டு போறேன். "தள்ளு லே, நீ என்ன போலீஸ் நாயா?"ன்னு வைய்யுதாரு. வாடை இல்ல. சுண்டு விரல் நகம் இப்பம் பாதி வளந்திருக்கு.