ஆற்றோரத் தலைமடை

பரளச்சிப் பக்கம் பெண் கொடுக்கப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது, மாப்பிள்ளை வீட்டு நிலம் எங்கே கிடக்கிறது என்பதைத்தான். கண்மாய் மடையை ஒட்டிய வயல் தலைமடை. தண்ணீர் முதலில் அதில்தான் பாயும். கடைசியில் கிடப்பது கடைமடை. மேலே இருக்கிறவர்களுக்குப் பாய்ந்து மிச்சமிருந்தால் வரும். என் வீட்டுக்காரர் குடும்பம் கடைமடைக் குடும்பம். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட அதைச் சொல்லிக் காட்டுவார்கள். அவருக்குச் சோறு இறங்காது.

வெயிலில் மின்சாரம் எடுக்கிற கம்பெனிக்காரர்கள் வந்து கரிசலை விலைக்குக் கேட்டார்கள். ஊரில் பாதிப் பேர் கொடுத்தார்கள். நாங்களும் காடு, வயல் எல்லாவற்றையும் மொத்தமாகக் கொடுத்தோம். இப்போது அங்கே கண்ணாடிப் பலகையும் கம்பிவேலியும்தான். உள்ளே போக விடமாட்டார்கள்.

அந்தப் பணத்தில் தண்ணீர் உள்ள இடத்தில் நிலம் வாங்க வேண்டும் என்று அவர் அலைந்தார். வருசநாட்டு மலைக்குள் ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நிலம் இருப்பதாகத் தரகர் சொன்னார். இரண்டு பேரும் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கினதும் அவர் நிலத்தைப் பார்க்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கி நின்றார். முழங்கால் அளவு தண்ணீர். கீழே கிடந்த கல் தெரிந்தது. அள்ளிக் குடித்தார். நானும் குடித்தேன்.

நிலத்துக்காரரிடம் இரண்டு துண்டு இருந்தது. ஒன்று ரோட்டுக்கு மேலே, கிணறும் நாலைந்து மாமரமும் உள்ள மேட்டு நிலம். இன்னொன்று ஆறு வளைகிற இடத்தில், கரையை ஒட்டினாற்போல. விலை ஒன்றுதான். அந்த மனுசன் வெளிப்படையாகவே சொன்னார்.

"மேல இருக்கிறத எடுத்துக்கங்கண்ணே. கெணத்துல மோட்டாரப் போட்டா போதும், கவலையில்ல."

என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் காதுப் பக்கம் குனிந்து, "ஆத்தங்கரைய அவன் வச்சுக்கிட்டு மேட்ட நம்ம தலையில கட்டப் பாக்கான். நானா ஏமாறுவேன்?" என்றார்.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அந்த ஊரில் ஒரு வீடுகூட ஆற்றங்கரையில் இல்லை. எல்லா வீடும் ரோட்டுக்கு மேலேதான். அதைக் கண்ணால் பார்த்தோம். ஏன் என்று கேட்கவில்லை. தண்ணீர் வராமல் கெட்டவர்களைத்தான் எங்களுக்குத் தெரியும். தண்ணீர் வந்து கெட்டவர்களை எங்கள் பக்கம் யாரும் கண்டதில்லை.

கரையோரத்தையே வாங்கினோம். பத்திரம் முடிந்த அன்று அவர் ஊரில் போய்ச் சொன்ன ஒரே வார்த்தை, "இனிமே நாமளும் தலமட."

முதல் வருஷம் வாழை நன்றாக வந்தது. கரையோரம் தென்னை வைத்தார். அங்கேயே ஒரு தகரக் கொட்டகை போட்டு, நாலு ஆடுகளையும் வைத்துக்கொண்டு தங்கினார். நான் அருப்புக்கோட்டையில் தறிக்கூடத்து வேலையை விடாமல் போய்வந்துகொண்டிருந்தேன். அடுத்த ஐப்பசியில் ஆறு வந்தது. நாங்கள் குடித்த ஆறு இல்லை. செங்காவித் தண்ணீர், மரம் மரமாக உருட்டிக்கொண்டு வந்தது. கரை கேக்கை வெட்டினது மாதிரி விழுந்தது. தென்னங்கன்று வரிசை முழுக்கப் போனது. மறு வருஷம் வாழையில் பாதி. மணல் மூட்டை அடுக்கினோம். மூட்டையோடு சேர்த்துக் கொண்டுபோனது. எதிர்க்கரையில் யாருடைய நிலத்தை ஒட்டியோ புது மணல்மேடு வளர்ந்துகொண்டே இருக்கிறது. அது எங்கள் மண். போய் அள்ளிக்கொண்டு வர முடியுமா?

நிலத்தை அளக்க சர்வேயரைக் கூட்டிவந்தோம். அவர் கரையில் நின்று ஆற்றுக்கு நடுவில் கையை நீட்டினார். எல்லைக்கல் அங்கே ஒரு பாறைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டுமாம். ஆறு எடுத்ததற்கு யாரிடம் எழுதிக் கொடுப்பது என்று கேட்டேன். அவர் சங்கிலியைச் சுருட்டிப் பையில் வைத்தார். அவர்மேல் கோபித்து என்ன செய்வது? விற்றவரைத் திட்டலாம் என்றால் அந்த ஆள் முதலிலேயே சொன்னவர். வெள்ளத்தன்று டார்ச் லைட்டோடு வந்து எங்கள் ஆட்டையெல்லாம் மேட்டுக்கு ஓட்டிவிட்டவரும் அவர்தான். யாராவது ஏமாற்றியிருந்தால் அவன் வீட்டு வாசலில் நின்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அதற்கும் வழியில்லை.

விற்றுவிடலாம் என்று பார்த்தோம். வந்த ஆட்கள் எல்லாம் அந்தப் பக்கத்துக்காரர்கள். கரையைப் பார்த்ததும் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

ஊரில் சொல்லி அழலாம் என்றால் அதைவிடக் கேவலம். என் நாத்தனாரிடம் ஒருமுறை சொன்னேன். அவள் முகம் சுருங்கிப்போனது.

"ஏ மதினி, தண்ணி வந்துருச்சுன்னா வந்து அழுவுறீக? குடுத்து வச்சவுக பேச்ச பாரு."

ஊருக்குப் பொறாமை வரக்கூடாது என்று நான் பொய் சொல்கிறேன் என்றே அவள் நினைத்தாள். அதற்குப் பிறகு யாரிடமும் வாய் திறப்பதில்லை.

போன ஐப்பசியில் நரிக்குடிப் பக்கம் என் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். மாதம் பிறந்து சொட்டு மழை இல்லை. விதைத்தது முளைக்கவே இல்லை. பெண்கள் மழைச்சோறு எடுப்பது என்று முடிவு செய்திருந்தார்கள். வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்கி, ஊர் எல்லையில் கூடி உட்கார்ந்து எல்லோரும் அதைப் பகிர்ந்து தின்று, ஊரையே விட்டுப் போகிறோம் என்று வானத்தைப் பார்த்து ஒப்பாரி வைப்பது. பிறந்த வீட்டுக்கு வந்தவள் ஒதுங்கி நிற்க முடியாது. என் கையிலும் ஒரு கூடையைக் கொடுத்தார்கள். அவர்கள் கேட்டது நியாயம். காய்ந்து கிடந்ததை நானும்தானே பார்த்தேன்.

மூன்றாம் வீட்டு வாசலில் நிற்கும்போது ஆற்றங்கரையிலிருந்து அவர் போன் செய்தார். மலைமேல் மத்தியானத்திலிருந்தே இருட்டிக்கொண்டு வருகிறதாம். இடி கேட்கிறதாம்.

"கொட்டகைய விட்டு மேல ஏறிருங்க" என்றேன்.

"கர ஓரத்து வாழ தார் தள்ளியிருக்கு. முட்டுக் குடுத்துட்டு வாரேன்."

"வாழ போனாப் போகுது. நீங்க ஏறுங்கன்னு சொல்றேன்ல."

"எத்தனையத்தான் விடச் சொல்லுத?" என்றார். வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

பக்கத்தில் நின்ற பெரியம்மா, அங்கே மழையா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள், இந்தப் பக்கமும் வந்துவிடும் என்று. பெண்கள் எல்லோரும் அடுத்த வாசலுக்கு நகர்ந்துவிட்டார்கள். நானும் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர்கள் பின்னால் போனேன்.