நான்கு நாள் உறையில் இருந்த விசைப்பலகை

ஒரு விசைப்பலகையைத் தேர்ந்தெடுக்க மூன்று மணி நேரம் கடையில் நின்ற பெண்ணைப் பார்த்தால் நீங்கள் சிரிப்பீர்களா? சிரிப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். அதே பெண், வாங்கிய பொருளை உறைகூடப் பிரிக்காமல் நான்கு நாள் சாமிப் படத்தின் முன் வைத்திருந்தால் உங்களுக்குச் சிரிப்பு வராது. நேரம் பார்த்துச் செய்கிறார்கள், நல்ல பிள்ளை என்று தலையாட்டிவிட்டுப் போவீர்கள். எதற்குச் சிரிப்பது, எதற்குத் தலையாட்டுவது என்பது நம்மிடையே தலைகீழாகிக் கிடக்கிறது. அது சிவானுஜாவை என்ன பாடுபடுத்தியது என்று சொல்கிறேன்.

சிவானுஜாவுக்கு இருபத்தாறு வயது. ஏழு வயதில் இத்தாலியின் பலெர்மோ நகரத்துக்கு வந்தவள். போர்கோ வெக்கியோ என்ற பகுதியில், மூன்றாம் மாடியில், ஓர் அறையும் சமைக்க ஒரு குசினியும் உள்ள வீட்டில் தாய் குகனேஸ்வரியோடு வாழ்கிறாள். காலையில் எமிலியானா என்ற சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய எசமானியின், வீட்டில் தரை துடைத்து, உடுப்பு அழுத்தி, சமைத்து வைத்துவிட்டு வருவாள். பின்னேரம் மடிக்கணினியைத் தொலைக்காட்சித் திரையில் பொருத்திவிட்டுக் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து இணையத்தில் சுடும் விளையாட்டு ஆடுவாள். பக்கத்து ஊரான பகேரியாவில் இருவர், டொரொன்டோவில் இருவர், இவள் ஒருத்தி என்று ஐந்து பேர் கொண்ட அணி. அணியில் மிக வேகமான கை இவளுடையது. சுட்டுக்கொண்டே தட்டச்சிட்டுத் திட்டவும் அவளால் முடியும்.

சிஞ்ஞோரா வீட்டில் அவள் வாரத்துக்கு முப்பது மணி நேரம் வேலை செய்கிறாள். சிஞ்ஞோரா எழுத்தில் காட்டுவது ஆறு மணி நேரம். மீதி இருபத்து நாலு மணி நேரமும் சட்டத்தின் கண்ணுக்கு அவள் அந்த வீட்டில் இல்லவே இல்லை. அவளுடைய பெர்மெஸ்ஸோ, அதாவது நாட்டில் இருப்பதற்கான அனுமதி, மே மாதக் கடைசியில் முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமானால் ஒழுங்கான வேலை ஒப்பந்தம் கொண்டுவா என்று குவெஸ்தூரா என்ற காவல்துறை அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். இந்த நகரத்தில் பள்ளிக்கூடம் படித்து, இந்த நகரத்து மொழியில் கனவு காண்கிற பெண்ணுக்கு, இங்கே இருக்கலாமா என்பதை ஆறு என்ற ஓர் எண் முடிவு செய்கிறது.

மே மாதத் தொடக்கத்தில் ஒரு வேலை விளம்பரம் வந்தது. காது கேளாத மாணவர்களுக்காகப் பல்கலைக்கழக விரிவுரைகளைக் கேட்கக் கேட்க உடனுக்குடன் தட்டச்சிட்டுத் திரையில் காட்டும் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம், ஒப்பந்தம் உண்டு. புதன்கிழமை காலை பத்து மணிக்கு இணையத்தில் இருபது நிமிடச் சோதனை. நூறு சொல்லில் ஐந்து பிழைக்கு மேல் விட்டால் தோல்வி.

மடிக்கணினியின் விசைகளோ தேய்ந்துவிட்டன. ஒன்றை அழுத்தினால் இரண்டு எழுத்து விழும், இன்னொன்றை எத்தனை தரம் குத்தினாலும் ஒன்றும் விழாது. புதிதாக ஒன்று வாங்கியே ஆக வேண்டும். வயர் இழுத்தால் அறை முழுக்கக் குறுக்கே கிடக்கும். போன வருடம் குகனேஸ்வரி அப்படியொரு வயரில் தடுக்கி முழங்கால் பெயர்ந்தவர். ஆகவே வயர்லெஸ். இருபது நிமிடம் ஓயாமல் அடிக்க வேண்டும், பின்னேரம் விளையாடவும் வேண்டும். ஆகவே ஒவ்வொரு விசைக்கும் கீழே தனிச் சுவிட்சும் சுருள்வில்லும் இருக்கிற மெக்கானிக்கல் வகை. இந்த அளவுக்கு அவள் முடிவு செய்துகொண்டு, சனிக்கிழமை தாயையும் கூட்டிக்கொண்டு புகையிரத நிலையத்துக்குப் பக்கத்துக் கடைக்குப் போனாள். அங்கே வேலை செய்கிற பிரதீஸ் பகேரியாவிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவன், அவளுடைய விளையாட்டு அணிக்காரன்.

பிரதீஸ் மூன்றை எடுத்து வைத்தான். நீலச் சுவிட்ச் வைத்தது ஒவ்வோர் எழுத்துக்கும் 'டிக்' என்று சத்தமிடும். சிவப்பு வழுக்கிக்கொண்டு இறங்கும். மண்ணிறத்தில் பாதி வழியில் ஒரு சின்னத் தடக்கு விரலுக்குத் தெரியும், சத்தம் குறைவு.

சிவானுஜா காதில் ஹெட்போனை மாட்டி, கைப்பேசியில் ஒரு விரிவுரையை ஓடவிட்டு, ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம் அடித்தாள். பிழைகளை எண்ணிக் கொப்பியில் எழுதினாள். பிறகு முதலாவதில் இருந்து மறுபடியும் தொடங்கினாள்.

"அக்கா, நீங்கள் மாப்பிள்ளை பாத்தாலும் இவ்வளவு சோதிக்க மாட்டியள்."

"மாப்பிள்ளை பிழைச்சால் சமாளிக்கலாம் பிரதீஸ். உது பிழைச்சால் பெர்மெஸ்ஸோ போயிடும்."

பிரதீஸ் சிரிப்பை நிறுத்திவிட்டான். குகனேஸ்வரி பக்கத்தில் நின்று பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, உந்தக் கறுப்பு வேண்டாம். வெள்ளை இல்லையோ?"

"இருக்கு அன்ரி. ஆனால் வெள்ளையிலை நீலச் சுவிட்ச்தான். சத்தம் போடும்."

"போடட்டுமே. உவள் விளையாடேக்கை போடாத சத்தமோ?"

"அம்மா, அந்த வேலையிலை ரெண்டு பேர் மாறி மாறி எழுத வேணும், மைக் திறந்திருக்கும். நான் அடிக்கிற சத்தத்திலை மற்றவைக்கு விரிவுரை கேக்காது."

சிவப்பில் விரல் பட்டாலே எழுத்து விழுந்தது, பிழை இரட்டிப்பு. நீலத்தில் பிழை மிகக் குறைவு, சத்தத்தால் அது தள்ளுபடி. மண்ணிறத்தில் நீலத்தைவிட ஒரேயொரு பிழைதான் கூட. பிறகு ப்ளூடூத்தில் ஒரு சுற்று, கணினியில் செருகுகிற சின்னத் துண்டில் ஒரு சுற்று பிரதீஸோடு விளையாடிப் பார்த்தாள். ப்ளூடூத்தில் கண் இமைக்கும் அளவு தாமதம் தெரிந்தது. அந்தத் துண்டில் தெரியவில்லை. மண்ணிறம், செருகு துண்டு, இத்தாலிய எழுத்து வரிசை. முடிவாயிற்று. நிறம் மட்டும் சாம்பல்.

"சாம்பலெண்டால் சரி, திருநீறு மாதிரி," என்றார் குகனேஸ்வரி.

பெட்டியைக் கையில் தரும்போது பிரதீஸ் சொன்னான்: "அக்கா, இண்டைக்கே பிரிச்சுச் சார்ஜ் போடுங்கோ. லப்டொப்பைவிட விசை உயரம். முதல் நாள் விரல் தடுமாறும். மூண்டு நாள் அடிச்சால் கை பிடிச்சிடும்."

கொப்பியும் பேனையும் வைத்து, கேட்டு, அடித்து, எண்ணி, ஒப்பிட்டு எடுத்த முடிவு. இதைவிட ஒழுங்காக ஒரு பொருளை யாராலும் தேர்ந்தெடுக்க முடியாது. அந்த ஒழுங்கு வீட்டு வாசலில் நின்றுவிட்டது.

குகனேஸ்வரி பெட்டியை வாங்கிச் சாமித் தட்டில் வைத்தார். சனிக்கிழமை புதுச் சாமான் பிரிக்கக் கூடாது. ஞாயிறு அட்டமி, திங்கள் நவமி. செவ்வாய்க்கிழமை ஒன்றும் தொடங்குவதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சுவரில் தொங்கும் கலண்டரில் புதன்கிழமைதான் நல்ல நேரம், ஒன்பதேகால்.

"அம்மா, சோதனை பத்து மணிக்கு!"

"அப்ப முக்கால் மணித்தியாலம் இருக்குத்தானே."

"மூண்டு நாள் பழக வேணும் எண்டு பிரதீஸ் சொன்னவன். நீங்களும் கேட்டனீங்கள்தானே?"

"போன முறை நான் சொல்லச் சொல்லக் கேக்காமல் ராகுகாலத்திலை குவெஸ்தூராவுக்குப் போனனி. என்ன நடந்தது? கடுதாசியைத் திருப்பித் தந்தவங்கள்தானே?"

போன முறை திருப்பித் தந்ததற்குக் காரணம் விண்ணப்பத்தில் ஒட்ட வேண்டிய முத்திரை இல்லாதது. அந்த முத்திரையை மறந்தவள் சிவானுஜாதான். அது இருவருக்கும் தெரியும். ஆனால் தாயின் நினைவில் முத்திரை கழன்று விழுந்து ராகுகாலம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"சரி, உந்தக் கலண்டர் யாழ்ப்பாணத்து நேரம். அங்கைக்கும் இஞ்சைக்கும் மூண்டரை மணித்தியாலம் வித்தியாசம். அங்கை ஒன்பதேகால் எண்டால் இஞ்சை விடிய அஞ்சே முக்கால்."

"சூரியன் ஒண்டுதானே பிள்ளை."

"சூரியன் ஒண்டு. மணிக்கூடு ரெண்டு."

குகனேஸ்வரி கண்ணைத் துடைத்தார். சிவானுஜா பெட்டியைத் தொடாமல் திரும்பினாள்.

ஏன் தொடவில்லை? தாயின் கண்ணீர் ஒரு காரணம். இன்னொன்றை அவள் பிறகுதான் ஒத்துக்கொண்டாள். பிரித்துவிட்டுத் தோற்றால்? கணக்கு வேறு, பயம் வேறு. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற அலுவலரின் முகச்சுளிப்பில் உயிர் தொங்கும்போது, மனிதர் கைக்கு எட்டிய எதையும் பிடித்துக்கொள்வார்கள். கலண்டர்க்காரர்களுக்கு இந்தப் பயத்தை உண்டாக்கும் வேலைகூட இல்லை. ஆறு மணி நேரம் என்று எழுதுகிற சிஞ்ஞோராக்கள் அதைச் செய்து கொடுக்கிறார்கள், இவர்கள் அறுவடை செய்கிறார்கள்.

அந்த நாட்களில் பேருந்தில் போகும்போது அவள் முழங்காலில் விரலால் தட்டிக்கொண்டு போனாள். தரை துடைக்கும்போது வானொலிச் செய்தியைக் கேட்டு வாளியின் விளிம்பில் தட்டினாள். "என்ன, உனக்கு நரம்பு வியாதியா?" என்று சிஞ்ஞோரா கேட்டாள். சோதனை, புதன்கிழமை வரமாட்டேன் என்று சொன்னதும், "நீ போனால் என் வீட்டை யார் பார்ப்பது? யோசித்தாயா?" என்றாள். சிவானுஜா யோசித்தாள். முப்பது மணி நேரத்தையும் எழுதித் தாருங்கள், நான் போகவில்லை என்றாள். சிஞ்ஞோரா தொலைபேசியை எடுத்துக்கொண்டு மாடத்துக்குப் போய்விட்டாள்.

புதன்கிழமை ஒன்பதேகாலுக்குப் பெட்டி பிரிக்கப்பட்டது. சார்ஜ் இல்லை, கேபிளில் போட்டு அரை மணி நேரம் காத்திருந்தார்கள். செருகு துண்டு பஞ்சுக்குள் ஒளிந்திருந்தது. அதைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம். விசைகளின் நடுவில் குகனேஸ்வரி வைத்த சந்தனத்தைத் துடைக்க ஐந்து நிமிடம். பத்து மணிக்குக் குரல் ஒலிக்கத் தொடங்கியபோது சிவானுஜாவின் விரல்கள் அந்நிய வீட்டுப் படியில் இறங்குவது போல ஒவ்வோர் எழுத்திலும் தடுமாறின. பின்னால் நின்று தாய் தேவாரம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கேட்டு எழுத வேண்டிய சோதனை அது. "அம்மா, கொஞ்சம் அங்காலை போங்கோ" என்று சொல்லும் நேரத்தில் ஒரு முழு வரி ஓடிப்போயிற்று.

முடிவு மறுநாள் மின்னஞ்சல் கடிதமாக வந்தது. நூற்றுக்கு எட்டுப் பிழை. தோல்வி.

"இஞ்சத்தை மணிக்கூட்டைப் பாத்ததுதான் பிழை," என்றார் குகனேஸ்வரி. "நீ சொன்னனிதானே, அஞ்சே முக்காலுக்குப் பிரிச்சிருக்க வேணும்."

கவனித்தீர்களா? கலண்டர் தோற்கவே தோற்காது. வென்றால் நேரம் நல்லது, தோற்றால் நேரத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. தோற்பது எப்போதும் பிள்ளைதான்.

சிவானுஜா அழவில்லை. கடிதத்தோடு வந்த அறிக்கையை விரித்துப் பார்த்தாள். முதல் ஐந்து நிமிடத்தில் நூற்றுக்குப் பதினாலு பிழை. அடுத்து பத்து. அடுத்து ஆறு. கடைசி ஐந்து நிமிடத்தில் இரண்டு. பதினைந்து நிமிடத்தில் கை பிடித்துவிட்டிருந்தது! அவள் தேர்ந்தெடுத்தது சரியான பொருள்தான். பழகக் கிடைக்க வேண்டிய நாட்கள்தான் சாமித் தட்டில் கழிந்துவிட்டன.

கடிதத்தின் அடியில் ஒரு வரி இருந்தது. காரணம் எழுதிக் கேட்டால் ஒரேயொரு முறை மறுசோதனை தரலாம்.

என்ன காரணம் எழுதுவது? கேட்க வெட்கமாக இருந்தது. பிரதீஸிடம் கேட்டாள்.

"கரண்ட் போச்சுது எண்டு எழுதுங்கோ அக்கா. பலெர்மோவிலை ஆர் நம்பமாட்டினம்?"

"பொய் சொல்லி மாட்டுப்பட்டால்?"

"அப்ப சாமித் தட்டிலை வச்சிருந்தனாங்கள் எண்டு எழுதுங்கோவன். வாசிச்சுச் சிரிச்சே வேலை தருவினம்."

அவள் இரண்டையும் எழுதவில்லை. புதிய விசைப்பலகையில் மூன்று வரி தட்டினாள். கருவி எனக்குப் புதிது. சோதனை நாளன்றுதான் முதன்முதலாகத் தொட்டேன். கடைசி ஐந்து நிமிடத்தைத் தயவுசெய்து பாருங்கள். அனுப்பிவிட்டு, ஒரு விரிவுரையை ஓடவிட்டு அடித்துப் பழகத் தொடங்கினாள்.

பதில் வந்துவிட்டது. வருகிற செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி. அதிலும் தோற்றால் இனி வாய்ப்பு இல்லை. மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கிறது.

செவ்வாய் மூன்று மணி, ராகுகாலம் தொடங்குகிற நேரம். குகனேஸ்வரி கலண்டர் முன் நின்று வெளிறிப்போனார். பிறகு விரல் விட்டு எண்ணினார். முகம் மெல்லத் தெளிந்தது.

"அங்கை அப்ப ஆறரை என்ன? அங்கை ராகுகாலம் நாலரையோடை முடிஞ்சிடும். பயமில்லை பிள்ளை."

"ஓம் அம்மா," என்றாள் சிவானுஜா. அவளுக்கு அப்போது அமைதி வேண்டியிருந்தது. நாலு மணி நேரமாகப் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். நூற்றுக்கு மூன்று பிழை. சில தரம் நாலு. ஐந்தைத் தொடுகிற நாளும் இருக்கிறது. யாராவது பின்னால் நின்று மூச்சு விட்டால் ஆறு ஏழு ஆகிவிடுகிறது. அந்த வீட்டில் இருப்பது ஓர் அறைதான். சோதனை முடியும் மட்டும் கட்டிலின் பின்னால் நிற்கப் போவதாகத் தாய் சொல்லிவிட்டார். மகளால் அம்மாவைப் பார்த்து வெளியே போங்கோ என்று சொல்ல முடியவில்லை.

ஆகவே நீங்கள் சொல்லுங்கள். பலெர்மோவில் இருந்து இதை வாசிக்கிறவர்களே, செவ்வாய் இரண்டரைக்குப் போர்கோ வெக்கியோவுக்குப் போங்கள். குகனேஸ்வரியிடம் சந்தையில் துணைக்கு ஆள் வேண்டும் என்றோ, உங்கள் பேரனுக்குச் சட்டை எடுக்க வேண்டும் என்றோ சொல்லுங்கள். அவருக்கு ஊர்ப்புதினம் கதைக்கப் பிடிக்கும். கதைத்துக்கொண்டே நடக்க வைத்து, ஒரு தேத்தண்ணீரும் வாங்கிக் கொடுங்கள். வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவர் எழும்பினாலும், நாலு மணி ஆகும் மட்டும் விட்டுவிடாதீர்கள்.