துருத்திக்காரரின் சாட்சியம்

இரண்டாம் உலக யுத்த காலத்தில் அந்நிய நாட்டார் பதிவுப் பிரிவில் நான் குமாஸ்தா. தன் நாட்டு ஆட்சிக்குப் பயந்து சென்னைக்கு ஓடிவந்த ஜெர்மானியர் ஒருவர் வாரந்தோறும் எங்களிடம் வந்து கையெழுத்துப் போடுவார். மயிலாப்பூர்க் கடற்கரையோரத் தேவாலயம் ஒன்றில், துருத்திக் காற்றால் ஒலிக்கும் ஆர்கன் வாசிப்பவர். ஓடிவந்தவர் யார், உளவு பார்க்க வந்தவர் யார் என்று பிரித்துக் காட்ட எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது. எல்லோரும் எதிரி நாட்டார்தான்.

ஒருநாள் அவர் லண்டனிலிருந்த தங்கைக்கு அனுப்பிய பார்சலைத் தணிக்கைக்காரர்கள் பிரித்தார்கள். நாற்பது தாள் முழுக்க ஐந்து ஐந்தாகக் கோடுகள், அவற்றின் மேல் புள்ளிகள். தானே இயற்றிய இசை என்றார் அவர். சங்கேதமாக இருக்கலாம் என்று குறிப்பு எழுதப்பட்டது. அது உறுதியானால் முள்வேலி முகாம். விசாரிக்க இன்ஸ்பெக்டர் தேவாலயத்துக்கே போனார். கோப்பைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன்.

தாள்களை வைத்து வாசிக்கச் சொன்னோம். மார்கழிக் கச்சேரி ஒன்றையும் விடாத இன்ஸ்பெக்டர் முகத்தைச் சுளித்தார்.

“ராகம் எங்கே ஓய் இருக்கு? இதை எப்படிக் கேட்டுண்டு இருக்கா?”

“விதியில் ராகம் கேட்கவில்லை சார்,” என்றேன்.

“சரி, தாள்ல இருக்கறதைத்தான் வாசிக்கறான்ங்கறதுக்கு என்ன அத்தாட்சி? கைக்கு வந்ததை அமுக்கலாமே.”

நியாயமான கேள்வி. அந்தப் புள்ளிகளைப் படிக்க எங்கள் இருவருக்கும் தெரியாது. தமிழ் புரியாத ஜெர்மானியர் எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஆர்கனுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. துருத்தியின் கட்டையை அழுத்திக் காற்றடிப்பவர். அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து வருபவர்.

“இன்னா சார், ஆறு மாசமா இதையேதான வாசிச்சிக்கினு கீறாரு? எங்க மெதுவா, எங்க பெருசுன்னு என் தோளுக்குத் தெரியும்.”

எனக்கு வழி பிடிபட்டது. வாசிப்பவர் தாளைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. சாட்சி தாளைப் பார்க்கக் கூடாது. இடத்தை இன்ஸ்பெக்டர் காட்டட்டும், மறைவில் நிற்பவர் அடுத்து வருவதை முன்கூட்டிச் சொல்லட்டும் என்றேன். இன்ஸ்பெக்டர் கட்டின் நடுவில் பிரித்து வைத்தார்.

மெல்லிய ஸ்வரங்கள் எழுந்தன. “இது கொயந்த தூங்குற எடம். ரெண்டு அமுக்கு போதும்,” என்றது பின்னாலிருந்த குரல். கொஞ்ச நேரத்தில், “தோ, பெருசு வருது! நாலு போட்டு வெச்சிக்கினேன்.”

வரவில்லை. ஆர்கனே நின்றுவிட்டது.

“எங்கேய்யா உன் பெருசு?” என்றார் இன்ஸ்பெக்டர்.

கடற்காற்றின் ஈரத்தில் இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஜெர்மானியரின் நகம் இடையில் நுழையவில்லை. நான் உதவப் போனால் சாட்சியத்தில் குறுக்கிட்டதாகிவிடும். கோப்பை இறுகப் பிடித்தபடி நின்றேன்.

“சீக்கிரம் தொரை, காத்து போய்க்கினே கீது!”

தாள் பிரிந்தது. சொன்னபடி வந்த பெரிய ஓசையில் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. இன்ஸ்பெக்டர் இரு காதுகளையும் பொத்திக்கொண்டார்.

“போதும்! இசைதான்னு எழுதிக்கோ!”

எழுதினேன். துருத்திக்காரரை ‘நிபுணர்’ என்று குறித்துப் பெருவிரல் ரேகை வாங்கினேன். நிபுணருக்குக் கையெழுத்துப் போடத் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. ஜெர்மானியர் மட்டும் நிறுத்தவில்லை. முகாம் இல்லை என்று அவரிடம் சொல்வதற்காக, இன்ஸ்பெக்டரும் நானும் கடைசித் தாள் வரை காத்து நின்றோம்.