பாவனையில் இல்லை என்று நாங்கள் சொன்ன கட்டடம்

ஒரு காலத்தில், கொழும்பில் எங்கள் குறுகிய ஒழுங்கையில் ஒருவரை "டிஸ்பென்சரியில் வைத்திருக்கிறார்கள்" என்றால் அவர் காலமாகிவிட்டார் என்று அர்த்தம். புதிதாகக் குடிவந்த ஒரு பெண் இது தெரியாமல், காய்ச்சலோடு கிடந்த புருஷனை அங்கே கூட்டிப்போக வழி கேட்டு வந்தாள். "ஐயோ பிள்ளை, மனுசன் இன்னும் எழும்பி நடக்கிறார்தானே, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்று அம்மா கேட்க, அவள் பயந்தே போனாள். பிறகு அம்மாவே கொத்தமல்லி அவித்துக் கொடுத்து அனுப்பினார்.

நான் சிறுமியாக இருந்தபோது அது உண்மையிலேயே அரசாங்க மருந்தகம்தான். ஓட்டுக் கூரை, நீளமான ஒரு மண்டபம், சுவரோரமாக உட்காரப் பலகை வாங்குகள். வெறும் போத்தலைக் கொண்டுபோனால் சின்ன ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு அதை வாங்கி, ரோஸ் நிறத் தண்ணி மருந்தை ஊற்றித் தரும். எந்த வருத்தத்துக்கும் அதே ரோஸ் நிறம்தான். நல்ல இனிப்பு என்பதால் நாங்கள் இல்லாத வயிற்றுவலியை எல்லாம் உண்டாக்கிக்கொண்டு போவோம். இன்றைக்கு நான் இருக்கிற வெள்ளவத்தையில் காசைக் கொட்டி வாங்குகிற மருந்து ஒன்றிலும் அந்த ருசி இல்லை.

பிறகு மருந்தகத்தைப் பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்த்துவிட்டார்கள். பூட்டிய அன்று மருந்து கலக்குகிற ஐயா சாவியை அம்மாவின் கையில் கொடுத்தார். அடுத்த வீடு எங்களுடையது. "ஆரும் வந்து கேட்பினம், குடுத்துவிடுங்கோ" என்றார். ஒருவரும் வந்து கேட்கவில்லை. அரசாங்கங்கள் மாறின, அமைச்சுகளின் பெயர்கள் மாறின. சாவி எங்கள் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டே இருந்தது.

கொட்டாஞ்சேனை ஒழுங்கை வீடுகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முன்னறையில் இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டும். ஒரு மழை நாளில் மூன்று வீடு தள்ளி ஒரு கிழவர் இறந்துபோனார். பெட்டியை வீட்டுக்குள் திருப்பவே முடியவில்லை. அவருடைய மகன் வாசலில் நனைந்துகொண்டு நின்றதைப் பார்த்து, அம்மா ஆணியிலிருந்த சாவியை எடுத்துக் கொடுத்தார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்பதற்கு யார் இருந்தார்கள்?

அதோடு அது எங்கள் எல்லாருடைய மண்டபமாகிவிட்டது. சாமத்தியச் சடங்கு, நோன்புக் கஞ்சி, நத்தார்ப் பாலன் குடில், வெசாக் கூடு கட்டுவது, எல்லாம் அங்கேதான். ஒழுங்கையில் இல்லாத சாதி சனம் இல்லை, சண்டைக்கும் குறைவில்லை. ஆனால் டிஸ்பென்சரியைக் கூட்டிக் கழுவுவதென்றால் எல்லாப் பெண்களும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்துவிடுவார்கள். லைட் எங்கள் வீட்டிலிருந்து இழுத்த வயரில் எரிந்தது. அது சட்டப்படி சரியா பிழையா என்று நாங்கள் யோசித்ததே இல்லை, யோசிக்க விரும்பவும் இல்லை.

அப்பாவையும் அங்கேதான் வைத்தோம். அவர் நாலு பேரோடு கதைக்காத மனுசன். வேலை, வீடு, பேப்பர். இவருக்கு யார் வரப்போகிறார்கள் என்று நான் நினைத்தேன். கிறிஸ்தவ வீட்டார் ஜெபமாலை சொன்னார்கள், பிறகு சைவ வீட்டார் தேவாரம் பாடினார்கள், முஸ்லிம் வீட்டிலிருந்து இஞ்சி போட்ட பிளேன்ட்டி கேத்தல் கேத்தலாக வந்தது. பிரேதத்தை இரவில் தனியே விடக்கூடாதென்று ஆண்கள் பெட்டிக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துச் சீட்டுக் கட்டோடு கடதாசி விளையாடினார்கள். ஒருவன் கள்ளத்தனம் பண்ண, மற்றவன் கத்த, அப்பா வீட்டுக்காரர்போல நடுவில் படுத்திருந்தார். அழுதுகொண்டிருந்த எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அன்றைக்குத்தான் அம்மா அதைச் சொன்னார். "என்னையும் இஞ்சைதான் வைக்க வேணும். காசு வாங்கிப் பிரேதம் வைக்கிற அந்த மலர்ச்சாலைகளுக்குக் கொண்டு போகாதை. அங்க இரவானால் பூட்டிப்போட்டுப் போயிடுவாங்களாம்." நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். அவர் விடவில்லை. "பிறந்த நாள் தொட்டு நான் ஒரு இரவும் தனியப் படுத்ததில்லை. முதல் அக்காமாரோட, பிறகு அப்பாவோட, பிறகு உங்களோட. செத்த பிறகு மட்டும் தனியக் கிடக்கிறதோ?" இதைச் சொல்லும்போது அவருடைய குரலில் உண்மையான பயம் இருந்தது. பாம்புக்கும் பொலிசுக்கும் பயப்படாத மனுஷி என்று நான் நினைத்திருந்தேன்.

பொலிசுக்குப் பயப்படாதவர் என்று சொன்னது முழு உண்மையில்லை. வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்று பொலிசில் பதிந்து, அந்தத் துண்டைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்த யுத்த காலமொன்று எங்களுக்கு இருந்தது. அப்போது அம்மா எங்களுக்குப் படிப்பித்த பாடம் ஒன்றுதான்: கையில் ஃபைலோடு ஒருவர் வந்தால் ஒன்றும் தெரியாது, ஒன்றும் இல்லை, ஒருவரும் வருவதில்லை. அந்தக் காலம் போய்விட்டது. பாடம் மட்டும் போகவில்லை.

நாடு கடன் கட்ட முடியாமல் வங்குரோத்தாகி, நாங்கள் கேஸுக்கும் பெற்றோலுக்கும் கியூவில் காய்ந்து முடிந்த பிறகு, அரசாங்கத்துக்குத் தன் சொத்துகளின் ஞாபகம் வந்தது. எங்கெங்கே சும்மா கிடக்கிற காணி, எங்கெங்கே ஆளில்லாத கட்டடம் என்று தேடத் தொடங்கினார்கள். தேடிப் பிடித்து, அளந்து, படமெடுத்து, முதலீட்டாளர்களுக்குக் குத்தகைக்குக் கொடுக்கிற திட்டம். பேப்பரில் படித்தபோது நல்ல காரியம்தானே என்று நானே சொன்னேன். அது எங்கள் ஒழுங்கைக்குள் வரும் என்று யார் கண்டது!

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்க வெள்ளவத்தையிலிருந்து போயிருந்தேன். அப்பா போன பிறகு இரவில் அம்மாவுக்குத் துணையாக ஒழுங்கைப் பிள்ளைகள் மாறி மாறி வந்து படுப்பார்கள். எதிர்வீட்டு ஓட்டோக்காரத் தம்பி ஓடி வந்தான். மலைநாட்டிலிருந்து சின்ன வயதிலேயே வந்து எங்கள் ஒழுங்கையில் வேரூன்றியவன். அம்மாவைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவான். "பெரியம்மா, நாளைக்கு ஆபீஸ்ல இருந்து ஆளுங்க வர்றாங்களாம், டிஸ்பென்சரியப் பாக்க. நாம பாவிக்கிறது தெரிஞ்சா எல்லாரையும் தூக்கி உள்ள போட்டுருவாங்க!"

வந்ததே வினை! அடுத்த நாள் நான் வேலைக்கு லீவு போட்டேன். விடிந்ததும் விடியாததுமாக ஒழுங்கை முழுவதும் வேலையில் இறங்கியது. கதிரைகள் வீட்டுக்கு வீடு போயின. பாலன் குடிலின் மாட்டையும் மூன்று ராஜாக்களையும் எங்கள் கட்டிலுக்குக் கீழே தள்ளினோம். வயரைக் கழற்றிச் சுருட்டினோம். எல்லாம் முடிந்து பார்த்தால் மண்டபம் பளிச்சென்று இருந்தது. "இவ்வளவு துப்புரவா இருந்தா நம்புவாங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். உடனே ஆளுக்கொரு சுளகில் சருகும் மண்ணும் சாம்பலும் அள்ளி வந்து நிலமெல்லாம் தூவினோம். ஒட்டடையைத்தான் என்ன செய்தும் உண்டாக்க முடியவில்லை. கழுவிக் கழுவி வைத்த இடத்தைக் கைநிறையக் குப்பை அள்ளி அழுக்காக்கிக்கொண்டே எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். இன்று நினைத்தால் வயிறு எரிகிறது.

வந்தவர் ஒரு சிங்கள உத்தியோகத்தர். நடுத்தர வயது, வெயிலில் கறுத்த முகம். கூட ஒருவன் அளக்கிற நாடாவோடு. கதவில் நாங்கள் மாட்டிய துருப்பிடித்த ஆமைப்பூட்டைப் பார்த்து, சாவி யாரிடம் என்று கேட்டார். "தெரியாது சேர்" என்றார் அம்மா. சாவி அந்த நேரம் அவருடைய இடுப்புச் செருகலில் இருந்தது. உத்தியோகத்தர் ஜன்னலால் எட்டிப் பார்த்தார், போனில் படமெடுத்தார், சுவரில் சிவப்பு மையால் ஒரு இலக்கம் போட்டார். பிறகு எங்களைப் பார்த்துத் திரும்பி, "இந்த இடத்தை யாராவது பாவிக்கிறீர்களா? எதற்காவது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"கவுருவத் நே சேர்!" என்றோம். ஒருவருமில்லை என்று எல்லாருமாகச் சேர்ந்து சொன்னோம். அம்மாவின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

அவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு மறுபடியும் கேட்டார், "நிச்சயமாகவா?" நாங்கள் அவருக்கு ஒரு கிளாஸ் நெக்டோ கொடுத்து, நல்ல சந்தோஷமாக அனுப்பிவைத்தோம். அன்று மாலை ஒழுங்கையில் கலியாண வீட்டுக் களை. தப்பிவிட்டோமாம்.

சில மாதம் கழித்துக் கட்டடத்தின் முன்னால் பலகை நட்டார்கள். மூன்று பாஷையிலும் எழுதியிருந்தது, தமிழ் அடியில். பாவனையில் இல்லாத அரச கட்டடம், நீண்டகாலக் குத்தகைக்கு. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். படித்து முடித்து அங்கேயே ஒழுங்கை விளிம்பில் குந்திவிட்டார். "பாவனையில் இல்லையோ? அப்பாவை வைச்ச இடம் பாவனையில் இல்லையோ?" என்று என்னைக் கேட்டார், நான் எழுதியதுபோல.

அலுவலகத்துக்குப் போனோம். அந்த உத்தியோகத்தருக்கு எங்களை ஞாபகம் இருந்தது. கதிரை போட்டு இருக்கச் சொன்னார். அம்மா மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினார். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்: "அம்மா, நான் இரண்டு தரம் கேட்டேனே. இப்படி ஊர்ச்சனம் பாவிக்கிற இடங்களை நாங்கள் எடுப்பதில்லை. ஒரே ஒருவர் சொல்லியிருந்தால்கூட நான் விட்டுவிட்டுப் போயிருப்பேன். இப்போது கையெழுத்தெல்லாம் ஆகிவிட்டது." முகத்தில் பொய்யில்லை. அவரே வருத்தப்பட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தார். புறக்கோட்டையில் இறங்கிய பிறகுதான், "நல்லவன் எண்டு நெற்றியில எழுதி ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம்" என்றார். கோபம் யாரில் என்று எனக்குத் தெரியும்.

தகர வேலி வந்தது, காவலுக்கு ஆள் வந்தான், முதலீட்டாளர் மட்டும் வரவில்லை. கட்டடம் பூட்டியபடி கிடக்கிறது. கூரையில் ஆலங்கன்று முளைத்திருக்கிறது. இப்போதுதான் அது உண்மையிலேயே பாவனையில் இல்லை, ஆனால் இப்போது வந்து கேட்க ஆளில்லை.

முழங்கால் இயலாமல் போக, அம்மாவை வெள்ளவத்தைக்கு என்னோடு கூட்டி வந்தேன். கடல் தெரிகிற ஃப்ளாட். அவருக்குக் கடலும் பிடிக்கவில்லை, காற்றும் பிடிக்கவில்லை. முதல் நாள் லிஃப்டுக்குள் நின்று மேலும் கீழும் பார்த்தார். "இதுக்குள்ள என்னை நிக்க வைச்சுத்தான் இறக்குவியள்" என்றார். நான் சிரித்தேன். ஆனால் அவர் சொன்னது சரி. பெட்டி லிஃப்டுக்குள் போகாது, போனாலும் பிரேதம் வைக்கக் குடியிருப்பாளர் சங்கம் விடாது. அவரும் இதைப் பக்கத்து ஃப்ளாட்டில் விசாரித்துத் தெரிந்துகொண்டு, அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவர் கேட்காமல் இருந்ததுதான் எனக்கு ஆற்றாமையாக இருந்தது. இரவில் என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே தன் கட்டிலையும் போடச் சொன்னார், நான் திரும்பிப் படுத்தால், "நித்திரையோ?" என்று கேட்பார்.

போன மாரியில் அம்மா போய்விட்டார். ஒரே ஒரு நாளைக்கு அந்த மண்டபத்தைத் திறந்துவிடச் சொல்லி ஓட்டோத் தம்பி காவல்காரனிடம் கெஞ்சியிருக்கிறான். மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றானாம், மேலிடம் லீவு. கடைசியில் அம்மா வேண்டாமென்று சொன்ன மலர்ச்சாலைக்கே கொண்டுபோனோம். வெள்ளை உறை போட்ட கதிரைகள், ஏசி, மெல்லிய வாத்தியம். ஒழுங்கையிலிருந்து ஒரு வான் நிறைய வந்தார்கள். அந்தக் குளிரில் கையைக் கட்டிக்கொண்டு, கதைக்கவும் பயந்து, ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள்போல வரிசையாக இருந்தார்கள்.

இருட்டிய பிறகு அங்கே வேலை செய்கிற பையன் வந்து, பூட்டப் போகிறோம், காலையில் வாருங்கள் என்று சிங்களத்தில் மரியாதையாகச் சொன்னான். எல்லாரும் எழும்பிவிட்டார்கள். சொன்னால் எழும்புகிற ஆட்கள்தானே நாங்கள். நானும் எழும்பிக் கைப்பையை எடுத்துவிட்டேன். வாசல்வரை போனேன். அதற்கு மேல் கால் போகவில்லை. திரும்பி வந்து அவனிடம் கேட்டேன்: "தம்பி, அம்மா ஒரு நாளும் தனியப் படுத்ததில்லை. நாங்கள் விடியும்வரைக்கும் இங்கே இருக்கலாமா?"

அவன் யோசிக்கக்கூட இல்லை. "அதற்கென்ன மிஸ், இருங்கள். கதவை உள்ளே பூட்டிக்கொள்ளுங்கள். யாரும் கேட்பதில்லை, அதனால்தான் நாங்கள் பூட்டுகிறோம்" என்று சொல்லி, ஏசியைக் குறைத்துவிட்டுப் போய்விட்டான்.

அதுவரைக்கும் கண்ணீர் விடாத நான் அந்தக் கதிரையைப் பிடித்துக்கொண்டு குழறி அழுதேன். "அழுங்கக்கா, பெரியம்மா நல்லாத்தான் போயிருக்காங்க" என்று ஓட்டோத் தம்பி தேற்றினான். அவனுக்கு எப்படிச் சொல்வேன்? கேட்டவுடன் கிடைத்துவிட்டதடா. வாயைத் திறந்து ஒரு வார்த்தை. இவ்வளவுதான் இருந்திருக்கிறது.