மாஸ்க்குக்கு முந்தின நாள்

நான் வேலை செய்யும் புரோட்டான் சிகிச்சை மையத்தில், ஸ்கேன் அறை வாசலில் ஒரு எவர்சில்வர் தட்டு இருக்கிறது. உள்ளே போகிறவர்கள் கழுத்திலும் காதிலும் உள்ளதைக் கழற்றி அதில் வைத்துவிட்டுப் போக வேண்டும். தோடு, சங்கிலி, தாயத்து, வேல் டாலர் எல்லாம் அதில் விழும். "நாம கணக்குப் போடுவோம், மிஷின் வேலை செய்யும், பேரு மட்டும் முருகனுக்கு" என்று சாப்பாட்டு மேஜையில் நான் அடிக்கடி கிண்டல் செய்வேன். கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கும். நான் எழுதப்போகும் விஷயத்தில் அந்தச் சிரிப்புக்கும் பங்கு இருப்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. இயற்பியல் படித்தவன். கதிரை எங்கே, எவ்வளவு நிறுத்துவது என்று கணக்குப் போடுவது என் வேலை. அதோடு ஒரு ஆராய்ச்சியும் உண்டு. தலையில் கட்டி உள்ளவர்களுக்கு முகத்தோடு தலையையும் மூடும்படி ஒரு வலை மாஸ்க் செய்வோம். வெந்நீரில் நனைத்த பிளாஸ்டிக் வலையை முகத்தில் இழுத்துப் பொருத்தினால், ஆறும்போது அந்த ஆளின் அச்சாகவே இறுகிவிடும். தினமும் அதைப் போட்டுத்தான் மேஜையோடு பூட்டுவோம். தலைக்கும் மாஸ்க்குக்கும் நடுவில் இடைவெளி விழுந்தால் தலை எவ்வளவு நகர்கிறது, கதிர் நிற்கும் இடம் எவ்வளவு தள்ளிப்போகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. பிளாஸ்டிக் மண்டைகளை வைத்துக்கொண்டு மில்லிமீட்டர் மில்லிமீட்டராக வருஷக்கணக்கில் அளந்திருக்கிறேன்.

அப்படிப்பட்டவனின் மனைவிக்கே கட்டி வந்தது. அவள் பள்ளிக்கூட ஆசிரியை. நாங்கள் இருப்பது திருக்கழுக்குன்றத்தில், அவள் பிறந்து வளர்ந்த தெருவிலேயே. ஒருநாள் கரும்பலகையில் தான் எழுதிய ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்தில் இன்னொன்று நிற்பதாகச் சொன்னாள். கண்ணாடியை மாற்றிக்கொடுத்தார்கள். பிறகும் இரண்டாகத்தான் தெரிந்தது. மண்டையோட்டின் அடியில், மூளைத்தண்டை ஒட்டிக் கட்டி. மூக்கு வழியாக அறுவை செய்து எடுத்தார்கள், ஆனால் முழுதும் எடுக்க முடியவில்லை. மிச்சத்துக்குப் புரோட்டான்தான் என்று முடிவானது.

அவளுக்கு அதை விளக்கியவன் நான்தான். "சாதாரண எக்ஸ்ரே கதிர் எக்ஸ்பிரஸ் பஸ் மாதிரி. இந்தப் பக்கம் நுழைஞ்சா அந்தப் பக்கம் போய்த்தான் வெளிய வரும். புரோட்டான் டவுன் பஸ்ல வர்ற ஆள் மாதிரி. சொன்ன ஸ்டாப்ல இறங்கிடும், தாண்டாது."

"ஸ்டாப் மாறி இறங்கிட்டா?"

"அதுக்குத்தான் மாஸ்க்."

"எல்லாத்துக்கும் ஒரு பதிலை ரெடியா வெச்சுக்கினு இருப்பீங்களே" என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அநேகமாக அதுதான் கடைசி.

திங்கட்கிழமை மாஸ்க் எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது அவள் ஈரத்தலையோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். அவளுக்கு அடர்த்தியான முடி. பின்னினால் இடுப்பைத் தாண்டும்.

"ஏங்க, ஒண்ணு கேக்கணும். திருப்போரூர் முருகனுக்கு முடி குடுக்கறதா வேண்டிக்கினு இருக்கேன். இன்னிக்கே போய்ட்டு வந்துடலாமா? ஒரு மணி நேர வேலை."

"பூமுடியா? நுனியில கொஞ்சம் மட்டுமா?"

"இல்ல. மொட்டை."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மறுநாள் காலை அவளை அழைத்துக்கொண்டு மையத்துக்குள் நுழைவது கண்முன் வந்தது. சந்தனம் பூசிய மொட்டைத் தலை, பக்கத்தில் நான். சாப்பாட்டு மேஜையில் என்ன பேச்சு நடக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பேச்சை அங்கே ஆரம்பித்துவைத்தவனே நான்தானே.

"இப்ப வேணாம். மாஸ்க் விஷயத்துல முடியில கை வைக்கக் கூடாது. முடி குறைஞ்சா மாஸ்க் லூசாயிடும். ரெண்டு மில்லிமீட்டர் நகர்ந்தாலே ஆபத்து. எல்லாம் முடிஞ்சதும் போகலாம்" என்றேன்.

சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியாக உண்மை. மாஸ்க் எடுத்த பிறகு முடி குறைந்தால் லூசாகத்தான் ஆகும். ஆனால் மாஸ்க் இன்னும் எடுக்கவில்லை. முதல் நாளே மொட்டை போட்டுவிட்டால், மொட்டைத் தலைக்கு மாஸ்க் செய்வார்கள், அவ்வளவுதான். அதில் எந்தச் சிக்கலும் இல்லை. அது எனக்குத் தெரியாது என்று யாராவது சொன்னால் சிரிப்பேன். அதைத்தான் நான் அளந்துகொண்டிருந்தேன்.

அவள் ஈரத்தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டாள். "நீங்க சொன்னா சரி. உங்களுக்குத் தெரியாததா?" என்று எழுந்து போனாள். நான் மறுபடி பேப்பரை எடுத்துக்கொண்டேன்.

ஆறரை வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் சிகிச்சை. காரில் திருப்போரூர் வழியாகத்தான் போவோம், அந்த வழியாகத்தான் வருவோம். கோபுரம் தெரியும் இடத்தில் அவள் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். "முடிஞ்சதும் வந்துடறேன்" என்று முணுமுணுப்பது கேட்கும். சாலையோரத்தில் மனை விற்பனைக் கொடிகள் வரிசையாக ஆடும். நான் அந்தக் கொடிகளைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவேன்.

மூன்றாவது வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. எங்கள் முறைக்காகக் காத்திருந்தோம். செய்யூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். வேர்க்கடலை போடுகிற குடும்பம். அவருக்கு அன்றுதான் மாஸ்க் எடுக்கும் நாள். புது மொட்டை. சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. மாஸ்க் செய்யும் டெக்னீஷியன் வெளியே வந்தபோது அந்த அம்மா பயந்துபோய் எழுந்தார்.

"நேத்துதாம்பா திருப்போரூர்ல எடுத்துகினு வந்தேன். தப்பு ஒண்ணும் இல்லியே?"

"தப்பா? நீங்க வேற! முடி இருந்தாத்தாம்மா எங்களுக்குப் பேஜாரு. மொட்டைன்னா மாஸ்க் கச்சிதமா ஒட்டிகினு உக்காரும். எல்லாருமே இப்படி வந்தா எவ்ளோ நல்லாருக்கும்!"

சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "இன்னா சார், கரெக்டுதானே?" என்றான்.

நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய? என் மனைவி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் அந்த அம்மாவின் தலையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். வகுப்பில் காப்பியடித்த பையனைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தாள். பிறகு அவளை உள்ளே கூப்பிட்டார்கள். தோட்டைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

திரும்பி வரும்போது திருப்போரூரில் கோபுரம் தெரிந்தது. அவள் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. "கச்சிதமா உக்காருமாம்" என்று மட்டும் சொன்னாள். நான் மனை விற்பனைக் கொடிகளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

நான்காவது வாரத்தில் முடி கொட்ட ஆரம்பித்தது. கதிர் நுழையும் இடங்களில், இரண்டு காதுக்கும் பின்னால், உள்ளங்கை அகலத்துக்கு. பின்னல் எலிவால் மாதிரி ஆனது. கொட்டிய இடத்தில் மாஸ்க் லூசானது. புது மாஸ்க் எடுக்க வேண்டும் என்றார்கள். மறுபடி ஸ்கேன், மறுபடி கணக்கு. சில நாள்தான் ஆனது, ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை. எதைக் காட்டி அவளைத் தடுத்தேனோ அது தானாகவே நடந்து, யாருக்கும் ஒன்றும் ஆகாமல் முடிந்தும் போனது. எங்கள் ஆராய்ச்சிப் பட்டியலில் அவளும் ஒரு வரி. பேர் இருக்காது, எண் மட்டும்தான். முடி குறையக் குறைய இடைவெளி எப்படிக் கூடியது என்று அந்த வரியில் ஒழுங்காகப் பதிவாகியிருக்கிறது. அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவனும் நான்தான்.

சிகிச்சை முடிந்த அன்று காரைத் திருப்போரூர்க் குளக்கரையில் நிறுத்தினேன்.

"வா, வேண்டுதலை முடிச்சுடலாம்."

அவள் இறங்கவில்லை. கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். "வேணாங்க. முழுசா இருக்கறப்ப குடுக்கறதா சொன்னேன். கொட்டினது போக மிச்சத்தை எடுத்துக்கினு போய் நீட்டறதா? வூட்டுக்குப் போலாம்."

"முருகன் கணக்கா பாக்கப்போறாரு?"

"அவரு பாக்க மாட்டாரு. நீங்கதான் பாப்பீங்க."

வண்டியைத் திருப்பினேன். அவள் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. சண்டை போட்டிருந்தால் நான் மன்னிப்பாவது கேட்டிருப்பேன். என் சாப்பாடு, என் மாத்திரை, என் சட்டை எல்லாம் வழக்கம்போல் நேரத்துக்கு வந்தது. ஒன்றே ஒன்றுதான் மாறியது. ரத்தப் பரிசோதனைத் தாள் வந்தாலும் ஸ்கேன் அறிக்கை வந்தாலும் அவள் என்னிடம் அர்த்தம் கேட்பதை நிறுத்திவிட்டாள். டாக்டரிடம் கேட்டுக்கொள்வாள். நான் வலியப் போய்ச் சொன்னால், "ம்" என்பாள். என் வாயிலிருந்து வரும் எண்களை அவள் நம்பவில்லை.

இரண்டு வருஷம் கழித்துக் கட்டி மறுபடி வந்தது. மொட்டைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அன்றும் இல்லை என்று நம்பினேன், இன்றும் அப்படித்தான். ஆனால் ஆஸ்பத்திரியில் ஒரு மாலையில் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், "அன்னிக்கு என்னைக் கூட்டிக்கினு போறதுக்கு உங்களுக்கு வெக்கமா இருந்துச்சு, இல்ல?"

"அப்படி எல்லாம் இல்லை" என்றேன். அந்த நேரத்தில் கூட.

அவள் "ம்" என்றாள். அடுத்த மாதம் போய்விட்டாள்.

இதெல்லாம் நடந்த பிறகும் நான் அதே மையத்துக்குத்தான் வேலைக்குப் போகிறேன். அதே சாலைதான். சாப்பாட்டு மேஜைக்கு மட்டும் போவதில்லை, அறையிலேயே சாப்பிட்டுவிடுகிறேன். ஆராய்ச்சி முடிந்தது. மொட்டைத் தலையில்தான் மாஸ்க் மிகக் குறைவாக நகர்கிறது என்று முடிவும் வந்தது. அதை எழுதி முடிக்க எனக்கு மற்றவர்களைவிட அதிக நாள் ஆனது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

போன மாதம் நோயாளிகளுக்குக் கொடுக்கும் தமிழ்க் குறிப்புத் தாளைப் புதுப்பித்தார்கள். எண்ணெய் தேய்க்க வேண்டாம், நகையைக் கழற்றுங்கள், சளி பிடித்தால் சொல்லுங்கள் என்று வழக்கமான வரிகள். கடைசியில் நான் ஒன்று சேர்த்தேன்: 'முடி காணிக்கை வேண்டுதல் இருந்தால், மாஸ்க் எடுக்கும் நாளுக்கு முன்பே முடித்துவிட்டு வாருங்கள். அதனால் சிகிச்சைக்கு எந்தத் தடையும் இல்லை.'

தலைமை நர்ஸ் அதைப் படித்துவிட்டு என் அறைக்கு வந்தார். நல்ல மனுஷி. சந்தோஷமாகத்தான் சொன்னார்.

"சூப்பர் சார். இவ்ளோ வருஷமா இது யாருக்குமே தோணலியே!"

தோன்றியது, என் மனைவிக்குத் தோன்றியது, மாஸ்க்குக்கு முந்தின நாளே என்னிடம் வந்து கேட்டாள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். எதிரில் அவர் சிரித்தபடி நின்றிருந்தார்.

"ஆமாம்மா, இப்பத்தான் தோணிச்சு" என்றேன்.